மூகிக்குப் பிடிக்காத கோட்டு

ஹொக்கைடோ மிருகக்காட்சிசாலை ஒன்றில் பொழுது சாய்கிறது. முற்றத்துப் பனி கண்ணாடியாக இறுகுகிறது. கொட்டகை வாசலில் இலைக்கொத்தை ஆட்டி ஆட்டிக் கை மரத்துப்போய் நிற்கிறாள் சிஹாரு. உள்ளே மூட்டிய வெப்பமெல்லாம் திறந்த கதவு வழியே வீணாகப் போகிறது. முற்றத்தில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி மூகியோ நகர்வதாக இல்லை. சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அது பிழைக்காது. "வாடி சனியனே! இன்னிக்கு என்னடி வந்துச்சு உனக்கு?" சக பராமரிப்பாளர் ஒகுமுரா வேலிக்கு அப்பாலிருந்து கத்துகிறார்: "உன்னப் பாத்துத்தாம்மா மிரளுது. அந்தப் புதுக் கோட்டக் கழட்டு!" நிர்வாகம் காலையில்தான் கொடுத்த ஆரஞ்சு நிறக் குளிர்கோட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிப் பனியில் வீசுகிறாள். மூகி நிதானமாக அடியெடுத்து, அவளை உரசிக்கொண்டு உள்ளே போய் இலையை மெல்லுகிறது. கதவைச் சாத்துமுன் கோட்டை எடுக்கக் குனிகிறாள். மெல்லுகிற வாய் நிற்கிறது. நீண்ட கழுத்து மறுபடி வாசல் பக்கம் திரும்புகிறது. "சரிடி மகராசி, தொடல. தின்னு," என்கிறாள் சிஹாரு, பற்கள் தந்தியடிக்க.