தெம்பில்லாத மோட்டார்

"'தெம்பு வரலை, தெம்பு வரலை'ன்னு இதையே எத்தனை மழைக்குச் சொல்வீங்க? சரியான சோம்பேறி!" என்று மீன்பிடிப் படகின் வைப்பர் தன் மோட்டாரை வறுத்தெடுத்தாள்.

கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாத எரிச்சலில் படகுக்காரர் சூசை, "இது செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்று மோட்டாரைக் கழற்றினார். வைப்பருக்குப் பகீரென்றது. திட்டுவது அவள் உரிமை. தூக்கிப்போட இவர் யாராம்?

எதற்கும் பார்ப்போமென்று சூசை மோட்டாரை நேரே பேட்டரியில் இணைத்தார். கிர்ரென்று சுற்றியது! கரண்டு கொண்டுவரும் ஒயர்தான் உப்புக்காற்றில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. புது ஒயர் இழுத்து, மோட்டாரைப் பழைய இடத்திலேயே பொருத்தினார்.

மோட்டார் வாயே திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார். மழையைத் துடைத்தபடியே வைப்பர் குழைந்தாள்: "கோவமா? வேணும்னா நீங்களும் ஒரு தடவை என்னைத் திட்டிடுங்களேன்."