கைக்குட்டை வழிபாடு

“நல்லா கேட்டுக்குங்க. நான் கைக்குட்டையை வெளியே எடுத்தா எல்லாரும் எழுந்திருக்கணும். பாக்கெட்ல வச்சா உட்காரணும். அவ்வளவுதான் வழிபாடு.”

கோயில் மணிக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“சார், எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பின்னாடி திரும்பிப் பார்க்கணுமா?”

“இது ரோடு இல்லப்பா, கோயில்!”

வந்திருந்த நாற்பது பேரும் மணிக்காரருடைய மச்சான் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுகிறவர்கள். ஞாயிறு வகுப்பைக் கோயிலுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, மொத்தப் பேரையும் மச்சான் அள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

அள்ளித்தான் ஆகவேண்டியிருந்தது. அந்த லுத்தரன் சபையில் மிச்சமிருந்தது ஆறே பேர். போதகர், மணியடிக்கும் மணிக்காரர், ஆர்கன் வாசிக்கும் மணிக்காரரின் மனைவி, அப்புறம் நிம்மதியாகத் தூங்குவதற்கென்றே வரும் மூன்று பேர்.

வேறொரு கண்டத்திலிருக்கும் இன்னொரு லுத்தரன் சபையோடு அவர்களுக்குப் பல வருஷத் தோழமை. இவர்களுக்காக அவர்கள் ஜெபிப்பார்கள், அவர்களுக்காக இவர்கள் ஜெபிப்பார்கள். நடுநடுவே ஃபோட்டோ அனுப்பிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கட்டடத்தைத்தான் படம் பிடிக்கும், ஆட்களை அல்ல. அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர்கள் நேரிலேயே வருகிறார்கள். தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. வருகிறவர்கள் பார்த்துத் திருப்தியாகி, தோழமை தொடரட்டும் என்றால் கோயில் இருக்கும். இல்லாவிட்டால் பூட்டு. பூட்டினால், கோயிலின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையிலிருந்து மணிக்காரரும் மனைவியும் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வரவேண்டியதுதான்.

“இதெல்லாம் பாவம் இல்லையாங்க?” என்றாள் மனைவி.

“பாவ அறிக்கை ஆரம்பத்துலயே வருதுல்ல? அதுலயே சேர்த்துச் சொல்லிடலாம்.”

“போதகருக்குத் தெரியுமா?”

“கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருக்கார். இவங்க எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் திறப்பாராம்.”

விருந்தாளிகள் எட்டு பேர் வந்து இறங்கினார்கள். தலைவர் ஆறடி உயரம், மார்பு வரை தாடி, கணுக்கால் வரை கறுப்பு அங்கி. பார்த்ததுமே மணிக்காரர் பாக்கெட்டில் கைக்குட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிறைந்திருந்த பெஞ்சுகளை அந்த மனிதர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரை பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

“இன்னிக்குப் பிரசங்கம் நீங்கதான் பண்ணணும்” என்று போதகர் அவர் கையைப் பிடித்துக் கேட்டார்.

விருந்தாளிகளின் பாஷை படித்தவள் மணிக்காரரின் மனைவி ஒருத்திதான். கேட்டதைச் சொன்னாள். தலைவர் தொண்டையைத் தடவித் தலையாட்டினார்.

“விமானத்துல குளிர் ஜாஸ்தியாம். குரல் வரலையாம்.”

வழிபாடு தொடங்கியது. கைக்குட்டை வெளியே வந்தது. நாற்பது பேர் எழுந்தார்கள். உள்ளே போனது, உட்கார்ந்தார்கள். முன் பெஞ்சு விருந்தாளிகள் அரை நொடி பிந்தினாலும் கூடவே எழுந்து கூடவே உட்கார்ந்தார்கள். என்ன மரியாதை என்று மணிக்காரர் உருகிப்போனார்.

பிரசங்கத்தின் நடுவில்தான் சனியன் பிடித்தது. வருஷக்கணக்கில் ஆள் உட்காராத பெஞ்சுகள். நாற்பது பேர் உட்கார்ந்து எழுந்ததில் கிளம்பிய தூசி நேராக மணிக்காரர் மூக்குக்குள் போனது. வெடித்த தும்மலில் கை தானாகக் கைக்குட்டையை எடுத்துவிட்டது.

நாற்பது பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவர்களும் எழுந்தார்கள். பிரசங்க மேடையில் போதகர் வாயைத் திறந்தபடி நின்றார்.

மணிக்காரர் அவசரமாகக் கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுபடி மூக்கு ஒழுகியது. எல்லாரும் எழுந்தார்கள்.

“மாமா, கன்ட்ரோல்!” என்று மச்சான் பின்னாலிருந்து பல்லைக் கடித்தான். “வண்டி உதறுது!”

“நான் என்னடா பண்ணட்டும், மூக்கு என் பேச்சைக் கேட்கலையே!”

ஒருவழியாக ஆசீர்வாதம் சொல்லி முடித்தார் போதகர். தூங்க வந்த மூன்று பேருக்கு அன்று பொட்டுத் தூக்கமில்லை.

வாசலில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, தாடிக்காரர் மணிக்காரரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். பிடி இரும்புப் பிடி. மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

தலைவர் அவர் காதருகே குனிந்து, தொண்டை கட்டியதெல்லாம் மறந்து, படபடவென்று பேசினார். மணிக்காரருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மனைவியின் முகம் மட்டும் மாறிக்கொண்டே போனது.

“கண்டுபிடிச்சிட்டார்ல? பூட்டுதானா?”

“பூட்டுதாங்க.”

“சரி, போய்ப் பெட்டியைக் கட்டு.”

“நம்ம கோயிலுக்கு இல்லைங்க, அவங்க கோயிலுக்கு. இவ்வளவு பெரிய சபை அவங்களைக் கைவிட்டா அங்க கதவை அடைச்சிருவாங்களாம், கெஞ்சுறார் மனுஷன். போதகர்கிட்ட சொல்லப் பயமாம், உங்களுக்குத்தான் புரியுமாம். அந்த அங்கி இரவல். இவரும் அங்க மணியடிக்கிறவராம்.”

மணிக்காரர் வாசலைப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் அடுத்து எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் விறைத்துப்போய் நின்றிருந்தார்கள்.

“அப்போ அவங்கெல்லாம்?”

“மச்சான்களாம்.”