கை தூக்காதவர்

“தப்பித் தவறி உங்க ஃபைலே உங்ககிட்ட வந்துட்டா கையைத் தூக்கிடுங்க. மாத்திக் கொடுத்துடுறேன்” என்றார் துறைத் தலைவர்.

எறும்பு சார் கையைத் தூக்கவில்லை. இருபது வருடமாக எறும்புகளையே ஆராய்ந்து அந்தப் பெயரை வாங்கியவர். மடியில் இருப்பது தன் ஃபைல்தான் என்று இரண்டாம் பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெயர், கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஆனால் நடுவில் நாலு வருடம் ஒரு கட்டுரைகூட இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த நாலு வருடம் அவருக்குத் தெரியாதா என்ன?

எட்டுப் பேராசிரியர்கள், ஒரே ஒரு இடம். ஒருவர் ஃபைலுக்கு இன்னொருவர் மார்க் போட வேண்டும். இரண்டு வருடம் வகுப்பு கிடையாது, தனி ஆய்வகம், முழுநேரமும் ஆராய்ச்சி. யாருடைய ஃபைலுக்கு அதிக மார்க்கோ அவருக்குத்தான். ஐம்பது தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. இவருக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது.

கடைசிப் பக்கத்தில் ‘காப்புரிமை: இரண்டு’ என்றிருந்தது. அவருக்கு ஒன்றுதான். படிவத்தை நிரப்பியது ஆபீஸ் டைப்பிஸ்ட். இவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘மகராசி, ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டாளே!’ என்று நினைத்தார். அதையும் கண்டும் காணாமல் விட்டார்.

“என்ன சார், இப்படி வேர்க்குது?” என்று கேட்டார் பக்கத்து நாற்காலித் தேனீ மேடம். தேனீக்களை ஆராய்கிறவர், பத்து வருடமாக அடுத்த அறைக்காரர்.

“ஃபேன் சரியில்ல மேடம்.”

மேடமும் தன் மடியிலிருந்த ஃபைலைச் சட்டென்று மூடிக்கொண்டார்.

எறும்பு சார் பேனாவை எடுத்தார். ‘நாலு வருட இடைவெளியைக் குறையாகப் பார்ப்பது பாவம். வீட்டுப் பாரத்தைச் சுமந்துகொண்டே மீண்டு வந்தவர் இவர்’ என்று எழுதி, தொண்ணூற்றாறு மார்க் போட்டார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவருக்கே கூசியது. ஆனாலும் உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் தலைவர் திரும்பி வந்தார். “தொண்ணூத்தாறு! இதுதான் அதிகம்.”

எறும்பு சார் பாதி எழுந்துவிட்டார்.

“வாழ்த்துகள், தேனீ மேடம்!”

எல்லாரும் கைதட்டினார்கள். பாதி எழுந்தவர் முழுக்க எழுந்து நின்று தானும் தட்டினார். வேறென்ன செய்வது? டைப்பிஸ்ட் எதையும் கூட்டவில்லை. அந்த ஃபைல் அவருடையதே இல்லை.

கூட்டம் கலைந்ததும் மேடம் அவரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“தலைவர் மேஜையில பார்த்தேன், உங்க கையெழுத்து. என் பையன் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்த நாலு வருஷம் சார் அது. இத்தனை நாள்ல யாருமே அதை மதிச்சதில்ல. நீங்க பெரிய மனுஷன்.”

“இல்ல மேடம்... அது வந்து...” கள்ளனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார் எறும்பு சார்.

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்க ஃபைல் எங்கிட்டதான் சார் வந்துச்சு. உங்களோடதுன்னு தெரிஞ்சேதான் முப்பது போட்டேன்.”