இரண்டாவது பட்டன்

"இதையா வாங்கப் போறீங்க?"

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். தோளில் பெரிய துணிப்பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். டாக்டரைப் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? வாங்கப் போறீங்களான்னுதான் கேட்டேன்."

நீர்வண்ண ஓவியச் சங்கத்தின் போட்டிக் கண்காட்சிக்கு அது கடைசி நாள். மாடிக் கூடத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நடுச்சுவரில், முதல் பரிசு என்று எழுதிய மஞ்சள் ரிப்பனோடு அந்தப் படம். ஒரு கொடிக்கயிறு. அதில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரே ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, வெளிர் நீலம். அவ்வளவுதான். ஆனால் டாக்டரால் அதை விட்டு நகர முடியவில்லை. பார்க்கப் பார்க்க மனசு அடங்கிக்கொண்டே வந்தது.

"கிளினிக்ல மாட்டறதுக்கும்மா. பல் டாக்டர் நான். உக்காந்திருக்கிறவங்க பயம் கொஞ்சம் குறையட்டுமேன்னு."

"பல்வலியோட வந்தவங்களுக்கு ஈரச் சட்டையைக் காட்டுவீங்களா? சலவைக்கடைன்னு நினைச்சு அழுக்கு மூட்டையைத் தூக்கிட்டு வரப் போறாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் உள்ளூர உதறல்தான். போன வருஷம் அவர் ஆசைப்பட்டு வாங்கிய கழுகுப் படத்தைப் பார்த்து, குழந்தைகள் வாயைத் திறக்கவே மறுத்துவிட்டன. 'இந்தத் தடவையும் ஏடாகூடமா எதையாவது வாங்கிட்டு வந்தீங்க, படத்துக்குப் பதிலா உங்களைத்தான் ஆணியில மாட்டுவேன்' என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

"நடுவர்களே முதல் பரிசு கொடுத்திருக்காங்களேம்மா."

"அவங்களுக்கு என்ன, ரிப்பனைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. தினம் பாக்கப் போறது நீங்கதானே?" அந்த அம்மா விரலை நீட்டினார். கண்ணாடியைத் தொடவில்லை. "காலர் பக்கத்துல கறை மாதிரி விரிஞ்சிருக்கு பாருங்க. வண்ணம் காயறதுக்குள்ள தண்ணி சொட்டிடுச்சு."

"வேணும்னே செஞ்சதுன்னுல்ல நினைச்சேன்."

"வேணும்னு யாராவது சொட்ட விடுவாங்களா? அப்புறம் இந்த வெள்ளை, வெயில் படற இடம். அது வண்ணமே இல்ல. வெறும் காகிதம், அப்படியே விட்டிருக்கா. வெறும் காகிதத்துக்கும் சேர்த்தா காசு கொடுப்பீங்க?"

டாக்டர் குனிந்து பார்த்தார். "அட, சட்டையில இரண்டாவது பட்டனைக் காணோமே. வரைய மறந்துட்டாங்களோ?"

அந்த அம்மா அப்போதுதான் அவர் முகத்தை முதல் முறையாகப் பார்த்தார்.

"மறந்திருக்க மாட்டா. சட்டையிலயே இருந்திருக்காது. 'நாளைக்குத் தைச்சுத் தரேன், நாளைக்குத் தைச்சுத் தரேன்'னு இழுத்தடிக்கிற பொண்டாட்டியா இருப்பா."

"எங்க வீட்டுலயும் அதே கதைதாம்மா."

"ஏன், நீங்க தைச்சா ஆகாதா? ஊரார் வாயில எல்லாம் ஊசி குத்தறீங்க இல்ல?"

டாக்டர் பேச்சை மாற்றினார். "நீங்களும் வரைவீங்களா?"

"ஏதோ கிறுக்குவேன்."

"போட்டிக்குக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன், கொடுத்தேன்."

ஓகோ, அதுதான் சங்கதியா என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல். இதைக் கேட்டுக்கொண்டா இவ்வளவு நேரம் நின்றோம்?

"பரவாயில்லம்மா, எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, விற்ற படங்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் செயலாளரைத் தேடி நடந்தார்.

அந்த அம்மா பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது. கேலி போய்விட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம். வாங்கிட்டுப் போய் மாட்டிடுவீங்க. ஒரு நாள் இல்ல ஒரு நாள், இந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் எங்கேன்னு தோணும். அப்புறம் தினமும் தோணும். வேண்டாமே."

டாக்டர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். இத்தனை நேரம் சட்டையாக இருந்தது இப்போது ஆளில்லாத சட்டையாகத் தெரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். படத்தைப் பற்றிச் சொன்னார்.

"ஆளே இல்லாம வெறும் சட்டையா? அதுக்குக் கழுகே தேவலாம்" என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் மூன்றாம் பரிசு வாங்கிய ஏரிப் படத்தைத்தான் வாங்கினார். வாங்க வைத்ததே அந்த அம்மாதான். தண்ணீரில் படகின் நிழல் விழுந்திருக்கும் அழகை அப்படி ஒரு ஆசையோடு எடுத்துச் சொன்னார். வயிற்றெரிச்சல்காரி இன்னொருத்தர் படத்தை இப்படிப் புகழ்வாளா என்று டாக்டருக்கே குழப்பமாக இருந்தது.

படத்தைக் காரில் வைத்த பிறகுதான் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. மறுபடியும் மாடியேறினார். கூடத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். செயலாளர் சட்டைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அந்த அம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"விலை போடாத படத்தைப் போட்டிக்கு எடுக்க மாட்டோம்னு சொன்னப்பவே ரொம்ப யோசிச்சீங்க. நாலு பேர் பாக்கட்டும்னு சொல்லித்தான் கொடுத்தீங்க. கடைசியில பாருங்க, பரிசு வாங்கின படத்துலயே உங்களோடது ஒண்ணுதான் விக்கலை."

"என்ன பண்றது? நாலு பேர் பாத்தாங்க இல்ல, அது போதும்."

அந்த அம்மா துணிப்பையிலிருந்து ஒரு பழைய நீலச் சட்டையை எடுத்து உதறினார். அதைப் படத்தின் மேல் போர்த்தி, சட்டையின் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார்.

வாசலில் நின்ற டாக்டர் பார்த்தார். இரண்டாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.