சொட்டாத கூலன்ட்

"ஹெட் கேஸ்கட் மாத்தினியா, இல்ல மாத்தினேன்னு என் காதுல பூ சுத்தினியா?"

பட்டறைக்குள் நுழையும்போதே பெரியவர் கத்தினார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கயிறு கட்டி இழுத்துவந்த காரின் பக்கத்தில் அவருடைய மருமகள் நின்றாள்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் எஞ்சினைப் பிரித்து, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசியாதபடி புது கேஸ்கட் வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கியிருந்தான். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருடம் சம்பாதித்த பெயர் ஒரே காலையில் போய்விடும் போலிருந்தது.

"என்ன சார் பிரச்சினை?"

"சாயங்காலம் கூலன்ட் ரொப்பினா காலையில காலி! நாலு நாளா இதே கதை. தரையில ஒரு சொட்டு இல்லை. எஞ்சின்தான் குடிக்குது!"

"நிறுத்தி வெச்ச எஞ்சின் எப்படி சார் குடிக்கும்? கூலன்ட் பாட்டில்ல கோடு போட்டிருக்கே, எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்த்தீங்களா?"

"கோடென்ன கோடு! ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கறேன். விரல் நனையலைன்னா வண்டியைத் தொடறதில்லை. நீ சொன்ன புத்திதானே அது?"

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கூலன்டை ரொப்பி எஞ்சினை ஓட்டினான். வெள்ளைப் புகையும் இல்லை. கடைசியாக, நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தினான்.

"கேஸ்கட் போயிருந்தா இந்த நீலம் மஞ்சளாயிடும். பத்து நிமிஷம் ஆச்சு. நீங்களே பாருங்க."

பெரியவர் குழாயை ஒரு நொடி பார்த்தார். "மஞ்சளாத்தானே இருக்கு!"

நீலம் அப்படியே பளிச்சென்று இருந்தது. மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது. பட்டப்பகலில், முகத்துக்கு நேராக இப்படி ஒரு பொய்யா?

"சார், வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன். இதுவா மஞ்சள்?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? எஞ்சினைப் பிரி! இல்லேன்னா இந்தத் தெருவுல ஒருத்தன் உன் பட்டறைப் படி ஏற மாட்டான்!"

சொன்னதோடு நிற்காமல், உட்கார்ந்திருந்த இருவரிடமும் நியாயம் கேட்கப் போய்விட்டார்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தான். ரேடியேட்டரின் அடியில் இருந்த வடிகால் திருகில் புதிதாக ஸ்பேனர் கீறல்கள். யாரோ வேண்டுமென்றே திறந்திருக்கிறார்கள்! நாலு பேர் முன்னால் பெரியவரைக் கிழி கிழியென்று கிழிக்க வேண்டும் என்று வெளியே நகர்ந்தான்.

மருமகள் குனிந்து வழியை மறித்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே. நான்தான் தினமும் ராத்திரி பக்கெட் வெச்சுத் திறந்து விடறேன்."

"உனக்கென்னம்மா பைத்தியமா? அங்க என் பேரு நாறுது!"

"நாறட்டும்!" அவள் குரலில் அவனுடையதைவிட அதிகக் கோபம் இருந்தது. "மாமா இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னு கண் டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். மாமா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார். எதிர்த்துப் பேச வீட்ல யாருக்கும் தைரியமில்லை, என் புருஷனையும் சேர்த்துத்தான். வண்டி ஓடினா, என் ரெண்டு பிள்ளைங்களையும் தினம் ஸ்கூலுக்கு மாமாதான் ஓட்டிட்டுப் போவார்ண்ணே!"

மெக்கானிக் எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு பெரியவர் முன்னால் போய் நின்றான்.

"தப்பு என்னுதுதான் சார்," என்றான், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "நான் போட்ட கேஸ்கட் போயிடுச்சு. எஞ்சினே வீணாயிடுச்சு. இனிமே இந்த வண்டி ஓடாது."