பத்து நிமிஷத் தூரம்

நகரத்துப் புகையில் பிள்ளைகளின் ஓடெல்லாம் கறுத்துப்போகவே, நத்தையம்மாள் ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே இங்கே குப்பை கொட்ட முடியாதுங்க. பிள்ளைங்க பச்சை இலையையே பார்த்ததில்லை. புறநகர்ப் பக்கம் போயிடலாம்."

நத்தையார் உடனே தரகு பார்க்கும் முயலைக் கூட்டிவந்தார்.

"அக்கா, ஏரியைப் பார்த்த இடம். வாசலிலேயே கீரைப் பாத்தி. தவளைச் சத்தம் தவிர வேற சத்தம் கிடையாது. இங்கிருந்து பத்தே நிமிஷம்!" என்றது முயல்.

"யாரு காலுக்குப் பத்து நிமிஷம்?" என்று கேட்டாள் நத்தையம்மாள்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது குறுக்குக் கேள்வி எதுக்குடி?" என்று அடக்கினார் நத்தையார். வீடு முதுகிலேயே இருந்ததால் மூட்டை கட்டும் வேலையாவது மிச்சமாயிற்று.

போனார்கள், போனார்கள், அப்படிப் போனார்கள். வழியிலேயே மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்துவிட்டான். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், ஏரி இருந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு. கீரைப் பாத்தியின் மேல் பிரியாணிக் கடை. தவளைகளுக்குப் பதிலாக ஆட்டோ ஹாரன்.

"ஏம்மா, சுத்திச் சுத்தி நம்ம பழைய தெருவுக்கே வந்துட்டோமா?" என்றது கடைக்குட்டி.

நத்தையம்மாள் வாயைத் திறப்பதற்குள் முயல் துள்ளிக்கொண்டு வந்தது. "வாங்கண்ணே! இந்த இடமெல்லாம் இப்போ சிட்டி ஆயிடுச்சு. உங்களை மாதிரி குடும்பத்துக்குச் சரிப்படாது. கொஞ்சம் தள்ளி, ஏரியைப் பார்த்த இடம் ஒண்ணு இருக்கு. இங்கிருந்து பத்தே நிமிஷம்!"

நத்தையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் ஒரு முழம் போய்விட்டிருந்தார்.