படிக்கக் கூடாத நாவல்

"இதை எழுதினவன் மனுஷனா?"

இஸ்மத் ஹாஜியார் அந்த நாவலைத் தலைமை ஆசிரியரின் மேஜைமேல் பொத்தென்று போட்டார். பியாலாவில் இருந்த தேநீர் தளும்பிக் கொட்டியது.

தலைமை ஆசிரியர் தோஹிர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஹாஜியார் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் உட்காருவதில்லை. மர்கிலான் நகரத்துக் கடைவீதியில் பாதிப் பட்டுக்கடை அவருடையது. போன குளிர்காலத்தில் வகுப்புகளுக்கெல்லாம் கணப்பு வைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

சுவரோரம் ரானோ டீச்சர் நின்றிருந்தாள். பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு அந்த நாவலைப் படிக்கக் கொடுத்தவள் அவள்தான்.

"என் பொண்ணு முஷ்தரி இதை மடியில வெச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தா. என்னன்னு வாங்கிப் பார்த்தா... சீச்சீ! ஒரு தோட்டக்காரன் மக. ஒண்ணுந் தெரியாத பச்சைப் புள்ள. அவளை ஒரு பணக்காரன் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கிறான். அப்புறம் அவ பொய் சொல்றா, திருடுறா, குடிக்கிறா..."

"பழைய நாவல், ஹாஜியார். பெரிய இலக்கியம். தாத்தா காலத்துலேருந்து எல்லாரும் படிக்கிறதுதான்" என்றாள் ரானோ மெதுவாக.

"இலக்கியமா! வெள்ளைத் துணியில மாதுளைச் சாறு ஊத்துற வேலை இது. பதினேழு வயசுப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியணுமா?"

"தெரிஞ்சிருந்தா ஏமாற மாட்டாங்களேன்னுதான்..."

"ரானோ!" தோஹிர் அதட்டினார்.

ஹாஜியார் கையைத் தூக்கி அவரை அடக்கினார். குரல் இறங்கிவிட்டது.

"தங்கச்சியத் திட்டாதீங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்திருக்கும். ஏம்மா, உனக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா. ஒன்பதாவது படிக்கிறா."

"அவ கையில இதைக் குடுப்பியா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

ரானோவுக்கு அந்த நாவலின் கடைசி அத்தியாயம் ஞாபகத்துக்கு வந்தது. கெட்டழிந்த அந்தப் பெண்ணே இன்னொரு சின்னப் பெண்ணை அதே வீட்டுக்கு அழைத்துவந்து விட்டுவிட்டுப் போவாள். அதைப் படித்த அன்றைக்கு ரானோவுக்கு ரொட்டி இறங்கவில்லை. மகளிடம் கொடுப்பாளா? மாட்டாள்.

"ஒரு தகப்பனோட வயித்தெரிச்சல்மா இது." ஹாஜியாருக்குக் கண் கலங்கியிருந்தது. "பொண்ணுங்க மனசுல ஒரு கீறல் விழுந்தா விழுந்ததுதான்."

"மன்னிச்சிடுங்க, ஹாஜியார்."

மனசாரத்தான் சொன்னாள். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலைசாய்த்துவிட்டுப் போனார்.

"எவ்வளவு பெரிய மனுஷன்! ஒரு வார்த்தை தடிச்சுப் பேசினாரா பாரு" என்றார் தோஹிர். "இன்னைக்கே எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிப் பூட்டி வை."

வகுப்பில் விஷயத்தைச் சொன்னதும் ஒரே சலசலப்பு.

"அய்யோ டீச்சர், பாதியிலயே தூங்கிட்டேன். தடை பண்ணப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒழுங்கா படிச்சிருப்பேனே!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

முஷ்தரி மட்டும் சிரிக்கவில்லை. தலை நிமிராமல் புத்தகத்தை நீட்டிவிட்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டாள். பாவம், அப்பா செய்த ரகளையில் கூசிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ரானோ.

மணி அடித்து எல்லோரும் போனபிறகும் ஒய்தின் எழுந்திருக்கவில்லை. முஷ்தரியின் உயிர்த்தோழி அவள். கேள்வி கேட்டால் முதல் கை அவளுடையதாகத்தான் இருக்கும். இன்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் குடும்மா."

"கடைசி அத்தியாயம் மட்டுந்தான் பாக்கி, டீச்சர். இங்கேயே உக்காந்து படிச்சிட்டுத் தந்துடுறேன்."

"வேணாம்மா. பெரியவங்க ஒண்ணு சொன்னா அதுல காரணம் இருக்கும்."

"அப்போ நீங்களே சொல்லிடுங்க. முடிவுல அவளும் கெட்டவளா ஆயிடுவாளா?"

ரானோ பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "கதைதானே ஒய்தின்? அதுக்கு ஏன் இப்படி நடுங்குற? இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும், நானே வாங்கித் தரேன்."

"சனிக்கிழமை நான் போயிடுவேன், டீச்சர்."

"எங்க?"

"எனக்கு நிக்காஹ்."

ரானோவுக்குக் காதில் விழுந்தது புரியவே ஒரு கணம் ஆயிற்று.

"பதினேழு வயசுல யார் உனக்குப் பதிவு பண்ணுவாங்க?"

"பதிவெல்லாம் கிடையாதாம். நாலு பேரை வெச்சு வீட்டோட முடிச்சிடுவாங்களாம். அப்பா ரஷ்யாவுலேருந்து போன்லயே சரின்னுட்டார். வசதியான இடம், உன் தம்பிங்க கரையேறிடுவாங்கன்னு அம்மா சொல்றாங்க."

"உனக்கு இஷ்டமா?"

ஒய்தின் புத்தகத்தின்மேல் சொட்டியதை முழங்கையால் துடைத்தாள்.

"நாடு எங்க போய்க்கிட்டிருக்கு! நான் விடமாட்டேன். முஷ்தரிகிட்ட சொன்னியா? அவ அப்பா ஒரு வார்த்தை சொன்னா இந்த ஊர்ல எவனும் மூச்சு விடமாட்டான். ஒரு கதைக்கே கண் கலங்கினவர்டி அவர்! எழுந்திரு, இப்பவே ஹாஜியார் வீட்டுக்குப் போவோம்."

கையைப் பிடித்து இழுத்தாள். ஒய்தின் அசையவில்லை.

"முஷ்தரி நேத்துலேருந்து என்கிட்ட பேசுறதில்ல, டீச்சர்" என்றாள். "இனிமே அவ என்னைச் சித்தின்னுதான் கூப்பிடணுமாம்."